அனுமதி பெற்ற நடை: ‘லெஷர்லி’ என்ற சொல்லின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கில நாவலின் தமிழாக்கத்தைச் செப்பம் செய்யும் வேலை என்னிடம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மாலையில் ஆற்றங்கரையோரம் நடக்கப் போகிறார். தமிழில் ‘அவர் மெதுவாக நடந்தார்’ என்று இருந்தது. அவருக்கு முழங்காலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே அவர் பேரனோடு ஓடிப் பிடித்து விளையாடுகிறார். குழம்பிப் போய் மூலத்தைப் புரட்டினேன். ஆசிரியர் எழுதியிருந்த சொல் ‘லெஷர்லி’. அவருக்கு நோய் எதுவும் இல்லை; எந்த நேரத்துக்குள்ளும் எங்கேயும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பாளர் வேகத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார், மனிதரைத் தவறவிட்டுவிட்டார்.

அன்று முதல் இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் நின்று கவனிக்கிறேன். ஆங்கிலத்தில் வேகக் குறைவைச் சொல்லப் பல சொற்கள் உண்டு. ‘ஸ்லோ’ என்பது வெறும் அளவு. நத்தை ஸ்லோ, பழைய கணினி ஸ்லோ, நெரிசலில் மாட்டிய பேருந்தும் ஸ்லோ. ஆனால் இவை எதையும் ‘லெஷர்லி’ என்று சொல்ல முடியாது. அடிபட்டவன் நொண்டிக்கொண்டு வருவதற்கும் அந்தச் சொல் பொருந்தாது. வேகமாகப் போகும் தெம்பு இருக்க வேண்டும். வேகமாகப் போக வேண்டிய தேவை இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ‘லெஷர்லி’ பிறக்கிறது. அதனால்தான் அது நடையோடு மட்டும் நிற்பதில்லை. காலைச் சாப்பாடு, நண்பர்களின் உரையாடல், ஞாயிற்றுக்கிழமைப் படகுச் சவாரி எல்லாமே லெஷர்லியாக நடக்கும். மூன்று மணி நேர மதிய விருந்தை ‘ஸ்லோ’ என்றால் பரிமாறுபவர் மீது குறை. ‘லெஷர்லி’ என்றால் விருந்துக்குப் பாராட்டு.

இந்த வேறுபாட்டின் வேர் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு புழங்கியது. அந்த வழியில் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல் ‘லெஷர்’. பழைய பிரெஞ்சில் அது ‘லெய்சிர்’. பெயர்ச்சொல்லாக மாறிவிட்ட வினைச்சொல் அது, பொருள் ‘அனுமதிக்கப்பட்டிருத்தல்’. அதற்கும் மூலம் லத்தீனின் ‘லிக்கேரே’: சட்டப்படி செல்லும், தடையில்லை என்பது அதன் கருத்து. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை நாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம்: லைசென்ஸ். ‘சட்டவிரோதமான’ என்ற பொருளில் செய்தித்தாள்கள் எழுதும் ‘இல்லிசிட்’ என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். ஆற்றங்கரையில் காற்று வாங்கும் மனிதரின் நடையும் ஓட்டுநர் உரிமமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

தொடக்க காலத்தில் ‘லெஷர்’ என்பதற்கு ஓய்வு நேரம் முதன்மைப் பொருள் இல்லை. ஒன்றைச் செய்வதற்கு வாய்த்த சந்தர்ப்பம், அதற்குக் கிடைத்த விடுதலை என்பதே முதன்மைப் பொருள். ஒருவனுக்குப் பேச லெஷர் இருந்தது என்றால், பேச அவனுக்கு இடம் கொடுக்கப்பட்டது என்று அர்த்தம். ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய நேரம் இருக்கிறது’ என்று நகர்ந்து, பிறகு வெறும் ‘நேரம் இருக்கிறது’ என்று சுருங்கியது. யார் அனுமதித்தது என்ற கேள்வி அந்தச் சுருக்கத்தில் மறைந்துபோனது. அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்காமல் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் முடிவு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இலக்கணத்திலும் இந்தச் சொல் சற்று முரண்டு பிடிக்கும். ‘லி’ என்று முடிந்தால் வினையடை என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘லெஷர்லி’ 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வினையடையாகத்தான் தோன்றியது. 1600 வாக்கில் பெயரடையாகவும் ஆனது. இன்று பெயரடைப் புழக்கமே அதிகம். நம் மொழியில் ‘சாவகாசமாக’, ‘சாவகாசமான’ என்று ஈறு மாற்றிக் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அந்த வசதி இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு ‘லிச்’, வினையடைக்கு ‘லிச்செ’ என்று தனித்தனி ஈறுகள் இருந்தன. ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே ‘லி’ ஆகிவிட்டன. அந்த ‘லிச்’ என்பதற்கு உடல், உருவம் என்று பொருள். கிராமத்துத் தேவாலயங்களில் சவப்பெட்டியைச் சற்று இறக்கிவைக்கும் கூரை வேய்ந்த வாசலை இன்றைக்கும் ‘லிச் கேட்’ என்றுதான் அழைக்கிறார்கள். பெயரடையாகப் பழகிவிட்ட சொல்லை மறுபடி வினையடையாக்க நல்ல நடை எழுதுபவர்கள் தயங்குகிறார்கள்; ‘லெஷர்லியான முறையில்’ என்று சுற்றி வளைத்துச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. ‘பிரெண்ட்லி’ என்ற சொல்லுக்கும் இதே சங்கடம் உண்டு.

பாராட்டுச் சொல்தான் என்றாலும் இடம் மாறினால் குத்தும். ஒரு கொலை வழக்கின் விசாரணை ‘லெஷர்லி’ வேகத்தில் நடக்கிறது என்று தலையங்கம் எழுதினால், காவல்துறைக்கு அது கடுமையான கண்டனம். அவசரப்பட வேண்டிய கடமை உள்ளவர்கள், அவசரப்படாமல் இருக்கும் உரிமையைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று அதற்குப் பொருள். அலுவலகக் கடிதங்களிலும் இந்த நுட்பம் தேவைப்படும். ‘அட் யுவர் லெஷர்’ என்று ஒருவர் எழுதினால், உங்களுக்கு எப்போது தோதோ அப்போது பார்த்தால் போதும், நான் கெடு வைக்கவில்லை என்று சொல்கிறார். ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்பது பார்வைக்கு அதே பணிவு. உள்ளே இருப்பது ‘சீக்கிரம்’. நம் அலுவலகங்களில் இரண்டையும் ஒன்றாக நினைத்து மாற்றிப் போடுகிறார்கள். முதலாவதை எழுதிவிட்டு மறுநாளே பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொள்வது நியாயமில்லை. அவசரக் கல்யாணம் செய்தவர்கள் ‘அட் லெஷர்’ வருந்துவார்கள் என்றொரு ஆங்கிலப் பழமொழி உண்டு. வருந்துவதற்கு வாழ்நாள் முழுவதும் கிடக்கிறது என்ற அந்த இடத்தில் மட்டும் இந்தச் சொல் ஒரு தண்டனை போல ஒலிக்கிறது.

இனி, யார் அனுமதித்தது என்ற கேள்விக்கு வருவோம்.

ஒரே வேகத்தில் இரண்டு பேர் ஒரு தெருவில் நடக்கிறார்கள். நல்ல கோட்டு அணிந்தவர் லெஷர்லியாக நடக்கிறார். கந்தல் உடுத்தியவர் செய்வதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர் வேறு: ‘லாய்ட்டர்’. காரணமின்றிச் சுற்றுதல், நின்று நின்று திரிதல் என்று தமிழில் சொல்லலாம். இந்தச் சொல்லுக்குச் சட்டப் புத்தகத்திலேயே இடம் உண்டு. நெப்போலியன் போர்கள் முடிந்து வேலையில்லாத சிப்பாய்களும் ஏழைகளும் சாலைகளில் நிறைந்திருந்த காலத்தில், 1824-இல், இங்கிலாந்து நாடோடிகள் சட்டம் இயற்றியது. பிழைக்க வழி காட்ட முடியாமல் வெளியில் அலைந்து வெட்டவெளியில் தூங்குவதே குற்றமானது. சந்தேகத்துக்குரியவர் என்று காவலருக்குத் தோன்றும் ஒருவர் தெருவில் தீய நோக்கத்தோடு சுற்றினால் கைதுசெய்யவும் அதன் 4ஆம் பிரிவு இடம் கொடுத்தது. நோக்கம் என்ன என்பதைக் காவலரே ஊகித்துக்கொள்ளலாம். 150 ஆண்டுகளுக்குப் பிறகும், 1970களில், லண்டனிலும் மற்ற நகரங்களிலும் கறுப்பின இளைஞர்கள் மீது அந்தப் பிரிவு பாய்ந்துகொண்டே இருந்தது. அதற்கு எதிராக எழுந்த போராட்டங்களுக்குப் பிறகே, 1981-இல், அந்தச் சந்தேகக் குற்றம் நீக்கப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் மெதுவாக நடந்தவர்களின் வரலாறு என்று இதைச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிராக ஏற்றம் கண்ட சொல்லும் உண்டு. இன்று ‘லெஷர்லி’ என்பதோடு ஒட்டிப் பிறந்ததுபோல் வரும் ‘ஸ்ட்ரோல்’, 17ஆம் நூற்றாண்டில் நாடோடிகளுக்கும் ஊர் ஊராகத் திரிந்த கூத்தாடிகளுக்கும் உரிய சொல்லாக இருந்தது. பிறகு பூங்காக்களுக்கும் கடற்கரை நடைபாதைகளுக்கும் போய்க் கனவான் ஆகிவிட்டது. இந்தப் பாகுபாட்டை ஆங்கிலத்தின் குற்றம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். நம்மிடம் அரசன் வீதியில் வந்தால் ‘உலா’. அதற்கென்று ஒரு சிற்றிலக்கிய வகையே இருக்கிறது, ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மீது பாடியிருக்கிறார். வேலையில்லாத பையன் அதே வீதியில் வந்தால் ‘ஊர் சுற்றுகிறான்’.

ஆங்கிலேயத் தொழிலாளிக்கு அந்த அனுமதி கிடைத்த கதை நீண்டது. ஆலைகள் வருவதற்கு முன் நெசவாளர்களும் செருப்புத் தைப்பவர்களும் கத்தி செய்பவர்களும் தங்கள் வேலையின் வேகத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். வாரக் கடைசியில் விழுந்து விழுந்து உழைத்துவிட்டுத் திங்கட்கிழமையைச் சும்மா கழிப்பது பல தொழில்களில் வழக்கமாக இருந்தது. அதைப் புனிதர் திருநாள் போல ‘செயின்ட் மண்டே’ என்று அழைத்தார்கள். வரலாற்றாசிரியர் இ. பி. தாம்ப்சன் 1967-இல் வெளியிட்ட, நேரத்தையும் வேலை ஒழுங்கையும் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் இந்த மாற்றத்தை விளக்கியிருக்கிறார். முன்பு வேலை முடிவதுதான் கணக்கு. ஆலை வந்தபின் கடிகாரம் கணக்கானது. நேரம் ‘கழிந்த’ காலம் போய், நேரம் ‘செலவான’ காலம் வந்தது. முதலாளி விலை கொடுத்து வாங்கிய நேரத்தில் தொழிலாளி சாவகாசமாக இருந்தால் அது திருட்டு.

இழந்ததைத் திரும்பப் பெறச் சட்டங்கள் வேண்டியிருந்தன. 1847-இல் வந்த 10 மணி நேரச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நாளுக்கு 10 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1850-இல் இன்னொரு சட்டம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அவர்களுடைய வேலையை நிறுத்தச் சொன்னது. அந்த அரை நாளிலிருந்துதான் சனிக்கிழமைக் கால்பந்தாட்டமும் வார இறுதி என்ற பழக்கமும் வளர்ந்தன. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பாக் முயன்று கொண்டுவந்த 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் வங்கிகளுக்கென்று எழுதப்பட்டாலும், கடைகளும் ஆலைகளும் அந்த நாட்களில் மூடத் தொடங்கின. ரயில் ஏறிக் கடற்கரைக்குப் போன கூட்டம் நன்றியோடு ‘செயின்ட் லப்பாக் நாள்’ என்றுகூடப் பெயர் வைத்தது. சம்பளத்துடன் ஒரு வார விடுமுறைக்கு வழி செய்யும் சட்டம் 1938-இல்தான் வந்தது. ஒரு நடைப்பயிற்சிக்கான அனுமதியை வாங்க ஏறக்குறைய 100 ஆண்டுகள்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. பெரம்பூரில் ஆங்கிலேய நிர்வாகத்தில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் 1918 ஏப்ரலில் சங்கம் அமைத்தார்கள், பி. பி. வாடியா தலைவர் ஆனார். மதராஸ் தொழிலாளர் சங்கம் என்ற அந்த அமைப்பிடம் தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதிய இடைவேளை மிகக் குறுகியது என்பது. சோற்றை அள்ளி விழுங்கிவிட்டு வாசல் மூடுவதற்குள் ஓட வேண்டியிருந்தது. ‘லெஷர்லி லஞ்ச்’ என்ற சொற்கோவை ஆங்கிலப் பத்திரிகைகளில் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

பழைய கிரேக்கர்கள் ஓய்வுக்கு ‘ஸ்கொலே’ என்றார்கள். அதுவே லத்தீன் வழியாக ‘ஸ்கூல்’ ஆனது. வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அஸ்கொலியா’, அதாவது ஓய்வின்மை. லத்தீனிலும் இதே கதை: ‘ஓட்டியம்’ ஓய்வு, அதன் மறுப்பான ‘நெகோட்டியம்’ தொழில். வேலைதான் இயல்பு, ஓய்வு அதன் மிச்சம் என்று நாம் நினைப்பதை அவர்கள் தலைகீழாக வைத்திருந்தார்கள். நாம் ஓய்வில்லாமல் உழைப்பதே ஓய்வு பெறுவதற்குத்தான் என்று அரிஸ்டாட்டில் கருதினார். உயர்ந்த சிந்தனைதான், ஆனால் அந்த ஓய்வைச் சுமந்தவர்கள் அடிமைகள், அவர்களுக்கு ஸ்கொலே இல்லை. 1899-இல் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்ற நூலை எழுதியபோது இந்த உண்மையை அமெரிக்கச் செல்வர்களிடம் பொருத்திக் காட்டினார். உழைக்காமல் நேரத்தைக் கழிப்பதை ஊர் பார்க்கச் செய்வதே அவர்களுக்கு மரியாதை. அப்போது மெதுவான நடை ஒரு பதக்கம். 1929-இல் ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அனுமதியின் விலை என்ன என்று இவ்வளவு நேராகச் சொன்னவர்கள் குறைவு.

அந்த ‘அறை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் தமிழுக்குத் திரும்பினேன். ‘லெஷர்லி’ என்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ‘மெல்ல’ மென்மையிலிருந்து வந்தது. சத்தமும் வேகமும் குறைவு என்பதைத் தாண்டாது. தென் மாவட்டத்துப் ‘பைய’ அன்பான சொல், ஆனால் எச்சரிக்கையும் கலந்தது: வழுக்கும், பையப் போ. ‘நிதானமாக’ என்றால் யோசித்து, தடுமாறாமல். அது மனத்தின் கட்டுப்பாட்டைச் சொல்கிறது. ‘ஓய்வாக’ என்று அகராதி பார்த்து எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓய்வின் வேர் ‘ஓய்’. மழை ஓய்ந்தது, கை ஓய்ந்தது என்கிறோம். களைத்து நின்றபின் கிடைப்பது ஓய்வு. களைப்பே இல்லாமல் மாலையில் காற்று வாங்கப் போகிறவர் ஓய்வாக நடப்பதில்லை. ‘ஆற அமர’ மிக நெருங்கி வருகிறது. சூடான சோறு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, நின்றுகொண்டிருந்தவர் அமர்கிறார். அவசரத்தை உடம்பின் சூடாகவும் நிற்கிற கால்களாகவும் பார்க்கும் அந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. நடைக்கு மட்டும் ஒட்டாது, ஏனென்றால் அதில் அமர வேண்டியிருக்கிறது.

மிஞ்சுவது ‘சாவகாசம்’. வுல்ஃப் கேட்ட அறையைப் போலவே, வடமொழியில் ‘அவகாச’ என்றால் இடம், இடைவெளி, பிறகு வாய்ப்பு. அதோடு கூடியது சாவகாசம். நமக்கு ‘அவகாசம்’ நேரமாகிவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட நேரம்? பதில் மனு தாக்கல் செய்ய நீதிமன்றம் 4 வாரம் அவகாசம் கொடுக்கிறது. வரி கட்ட அரசு அவகாசத்தை நீட்டிக்கிறது. கடன்காரரிடம் அவகாசம் கேட்கிறோம். கொடுப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் இல்லாமல் இந்தச் சொல்லே இல்லை. அனுமதியும் நேரமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கும் அந்த இடத்தில்தான் பழைய பிரெஞ்சின் ‘லெய்சிர்’ நின்றது. வேரில் உறவே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே சந்திப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ‘சாவகாசமா வாங்க’ என்பது ‘அட் யுவர் லெஷர்’ தான். ‘இவ்வளவு சாவகாசமா வர்றியே’ என்பதில் அந்தத் தலையங்கத்தின் கண்டனமும் இருக்கிறது. பாராட்டு, குத்தல் இரண்டையும் சுமக்கும் தமிழ்ச் சொல் இது. அந்த நாவலில் ‘சாவகாசமாக நடந்தார்’ என்று திருத்தினேன். வடசொல் என்று தயங்குபவர்களுக்கு என் பதில், இந்தச் சொல் நம் வீட்டுப் பேச்சில் ஊறியது என்பதே.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் அவகாசம் என்றால் வாய்ப்பு. இந்தியில் ‘அவகாஷ்’ என்றால் விடுப்பு. மலையாளத்தில் ‘சாவகாசம்’ நம்மைப் போலவே அவசரமின்மை. ‘அவகாசம்’ மட்டும் வேறு பொருள் கொண்டது. அங்கே அதற்கு ‘உரிமை’ என்று அர்த்தம். கேரள மனித உரிமை ஆணையத்தின் பெயரே ‘மனுஷ்யாவகாச கம்மீஷன்’.

அந்த மாநிலத்தில் துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்கள், உட்கார இடம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் கடைகளுக்கான சட்டம் அவர்களுக்காகத் திருத்தப்பட்டது. அவர்கள் கேட்ட உரிமையை மலையாளத்தில் ‘இரிக்கானுள்ள அவகாசம்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது ‘உட்காரக் கொஞ்சம் நேரம்’ என்று கேட்கும். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு கடையும் ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அடுத்த முறை தி. நகரிலோ டவுன்ஹால் ரோட்டிலோ துணி எடுக்கப் போகும்போது, நமக்குச் சாவகாசமாகப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஓர் இருக்கை போட்டிருக்கிறார்களா, அதில் அவர் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.